காக்பிட்டுக்கு முன்னாடி ரெண்டு நாற்காலி

போன மாசம் ஒரு பையன் மெசேஜ் பண்ணியிருந்தான், "அண்ணா, நானும் மிலிட்டரி பைலட் ஆகணும், ஒரு நாளைக்கு எத்தனை புஷ்அப் போடணும்"னு. சிரிச்சுட்டேன். கிண்டலா இல்ல, நாலு வருஷம் முன்னாடி நானும் இதே கேள்வியத்தான் ஊரெல்லாம் கேட்டுட்டு திரிஞ்சேன். விடியக்காலைல அஞ்சு மணிக்கு எந்திரிச்சு ஓடுறது, கண்ணாடி முன்னாடி நின்னு கைய மடக்கிப் பாக்குறது, சுவத்துல ஃபைட்டர் ஜெட் போஸ்டர் ஒட்டுறது, இதுதான் பிரிபரேஷன்னு நம்பிட்டு இருந்தேன். முதல் தடவை செலக்‌ஷனுக்குப் போய் நல்லா அடி வாங்கிட்டு வந்தப்புறம்தான் புரிஞ்சது நான் தயார் பண்ணின உடம்பு வேற, அவங்க பாக்குற ஆள் வேறன்னு. ரெண்டாவது தடவை கிளியர் ஆகிடுச்சு, கோர்ஸ் ஆரம்பிக்க இன்னும் கொஞ்ச நாள் இருக்கு. அதனால இத ஒரு பெரிய பைலட் அட்வைஸா எடுத்துக்காதீங்க. சின்ன ப்ளேன்ல இன்ஸ்ட்ரக்டர் பக்கத்துல உக்காந்து கொஞ்ச மணி நேரம் பறந்திருக்கேன், அவ்ளோதான், அதுலயும் ரெண்டு தடவை வாந்தி.

முதல் தடவை என்ன ஆச்சுன்னு சொல்லிடுறேன். ஒரு ஸ்கிரீன்ல ஒரு புள்ளி நகரும், கைல ஸ்டிக், கால்ல பெடல், அந்தப் புள்ளிய நடுவுல நிறுத்தணும், அதே நேரம் ஹெட்போன்ல நம்பர் நம்பரா வரும், குறிப்பிட்ட நம்பர் வந்தா பட்டன் அமுக்கணும். கேக்க வீடியோ கேம் மாதிரி இருக்குல்ல? நான் புள்ளிய துரத்தினேன். அது இடது பக்கம் போச்சுன்னா ஸ்டிக்க வலது பக்கம் பலமா தள்ளுவேன், அது நடுவ தாண்டி வலது பக்கம் ஓடிடும், உடனே திரும்ப இடது பக்கம், கொஞ்ச நேரத்துல புள்ளிய ஆட்டி வைக்கிறதே நான்தான்னு ஆகிப்போச்சு. இதுக்கு பைலட்டுங்க மத்தியில ஒரு பேரே இருக்கு, பைலட் இண்டியூஸ்டு ஆசிலேஷன், அதாவது ப்ளேன் ஒழுங்காத்தான் இருக்கும், ஓட்டுறவன் லேட்டா லேட்டா திருத்தித் திருத்தி அத ஊஞ்சலாக்கிடுவான். சின்னதா ஒரு திருத்தம், ஒரு நொடி காத்திரு, அது என்ன பண்ணுதுன்னு பாரு, அப்புறம் அடுத்தது. இவ்ளோதான் வித்தை. ஆனா பதட்டத்துல கை கேக்காது, கைக்கு எப்பவும் அவசரம்.

அதுக்கப்புறம் இண்டர்வியூ. ப்ளேன் ஸ்டால் ஆகுறதுன்னா என்னன்னு கேட்டாங்க. நான் நெஞ்ச நிமித்திட்டு "இன்ஜின் நின்னு போறது சார்"னேன். கேட்டவர் மூஞ்சில ஒரு அசைவும் இல்ல. அப்படியா, எந்த ஸ்பீடுல நிக்கும், ஏன் நிக்கும்னு ரொம்ப மரியாதையா அடுத்த கேள்வி கேட்டாரு. அங்கயாவது நிறுத்தியிருக்கலாம், நான் நிறுத்தல, ஃப்யூல் பம்ப், காத்தழுத்தம்னு வாய்க்கு வந்தத எல்லாம் அள்ளி விட்டேன், அவர் தலைய ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கிட்டாரு. ஒரு குழி தோண்டி அதுக்குள்ள நானே இறங்கி நானே மண்ணையும் தள்ளிக்கிட்டேன்.

ஸ்டாலுக்கும் இன்ஜினுக்கும் சம்பந்தமே இல்ல, கார்ல வண்டி ஸ்டால் ஆச்சுன்னு சொல்றோமே அந்த அர்த்தம் இங்க கிடையாது. றெக்கைக்கும் அது மேல வர்ற காத்துக்கும் நடுவுல ஒரு கோணம் இருக்கு, ஆங்கிள் ஆஃப் அட்டாக். அது ஒரு அளவு தாண்டினா, பொதுவா 15 டிகிரிக்குப் பக்கத்துல, காத்து றெக்கையோட மேல்புறத்த ஒட்டிட்டுப் போகாம பிச்சிக்கிட்டுப் போயிடும், ப்ளேன மேல தூக்கிப் பிடிக்கிற விசை, அதாவது லிஃப்ட், பொசுக்குன்னு கொறஞ்சிடும். எந்த ஸ்பீடுலயும் ஆகலாம், மூக்கு கீழ பாத்துட்டு இருக்கும்போதுகூட ஆகலாம். இதுல வினோதம் என்னன்னா, ப்ளேன் விழுது, தரை மேல வருது, அப்போ மனுஷன் கை ஸ்டிக்க இழுக்கத்தான் பாக்கும், மேல போகணும்ல. ஆனா இழுத்தா கோணம் இன்னும் ஏறும், இன்னும் விழும். முன்னாடி தள்ளணும். விழுற ப்ளேன்ல மூக்க இன்னும் கீழ தள்ளணும்! இத பேப்பர்ல எழுத ஒரு நிமிஷம், கைக்குப் புரிய வைக்க எவ்ளோ நாள் ஆகுமோ தெரியாது. கடைசில இதுக்கு திரும்ப வரேன்.

சரி, உடம்பு விஷயம். புஷ்அப் கேட்ட பையனுக்கு நான் சொன்னது, தம்பி முதல்ல மெடிக்கல் ரூல்ஸ படி, அப்புறம் ஓடு. ஒவ்வொரு நாட்டு ஏர்ஃபோர்ஸுக்கும் ரூல்ஸ் மாறும், ஆனா எல்லா இடத்துலயும் கண்ணு, கலர் விஷன், காது, முதுகெலும்பு, இதயம், அப்புறம் அளவு. கலருக்கு பெரும்பாலும் அந்தப் புள்ளிப்புள்ளியா வட்டத்துக்குள்ள நம்பர் ஒளிஞ்சிருக்குற அட்டைதான், ஜப்பான் டாக்டர் இஷிஹாரா 1917-ல கொண்டு வந்தது, நூறு வருஷம் தாண்டியும் அதேதான் ஓடுது. மூணு வருஷம் உழைச்சுட்டு அந்த அட்டைய அன்னிக்குத்தான் முதல் தடவையா பாத்து, நம்பர் தெரியாம வெளிய வந்து படிக்கட்டுல உக்காந்திருந்த ஒருத்தன எனக்குத் தெரியும். ஒரு கண் டாக்டர்கிட்ட பத்து நிமிஷத்துல தெரிஞ்சிருக்க வேண்டியது. கண்ணுல லேசர் ஆபரேஷன் பண்ணலாமான்னு யோசிக்கிறவங்க, எந்த ஃபோர்ஸுக்குப் போறீங்களோ அவங்க ரூல பாக்காம கத்திக்குக் கீழ படுக்காதீங்க, எந்த வகை ஆபரேஷன், எந்த வயசுல, எத்தனை மாசம் கழிச்சுன்னு எல்லாத்துக்கும் கணக்கு வச்சிருப்பாங்க.

அளவுன்னா வெறும் உயரம் இல்ல. உக்காந்த உயரம், தொடை நீளம், கால் நீளம், கை எட்டுற தூரம். ஏன்னு யோசிச்சிருக்கீங்களா? எஜெக்‌ஷன் சீட்ல (ஆபத்துல பைலட்ட அப்படியே வெளிய தூக்கி எறியுற சீட்) வெளிய போறப்போ முட்டி முன்னாடி இருக்குற பேனல்ல இடிச்சா காலே போயிடும், தலை கேனப்பிக்கு, அதான் மேல மூடியிருக்குற கண்ணாடிக்கு, ரொம்பப் பக்கத்துல இருந்தாலும் ஆபத்து, கால் எட்டலன்னா பெடல முழுசா மிதிக்க முடியாது. இதுல ஒரு நல்ல கதை இருக்கு. 1950-ல அமெரிக்க ஏர்ஃபோர்ஸ் நாலாயிரத்துக்கு மேல பைலட்டுகள அளந்தாங்க, சராசரி பைலட்டுக்குப் பொருந்துற காக்பிட் கட்டணும்னு. கில்பர்ட் டேனியல்ஸ்னு ஒரு சின்ன வயசு லெஃப்டினன்ட், அதுல 10 அளவ எடுத்து 4,063 பேர்ல எத்தனை பேர் பத்துலயும் சராசரிக்குப் பக்கத்துல வர்றாங்கன்னு பாத்தாரு. ஒருத்தரும் இல்ல. சைபர்! அதாவது அந்த சராசரி காக்பிட் யாருக்குமே தைக்காத சட்டை. அப்புறம்தான் சீட்டும் பெடலும் அட்ஜஸ்ட் பண்ற மாதிரி வரணும்னு பிடிச்சாங்க. அட்ஜஸ்ட்டுக்கும் ஒரு எல்லை இருக்கு, உங்க எலும்ப நீங்க நீட்டவோ சுருக்கவோ முடியாது, அதனால வீட்லயே டேப்ப எடுத்து முதல்ல அளந்துடுங்க.

இப்போ ஜி. எல்லாருக்கும் பிடிச்ச சப்ஜெக்ட் இது. ப்ளேன் இறுக்கமா திரும்பும்போது உடம்பு கனக்கும், 1 ஜி-ன்னா நம்ம சாதாரண எடை, அப்போ 70 கிலோ ஆளு 5 ஜி-ல 350 கிலோ, 9 ஜி-ல 630 கிலோ. அந்த எடைய தூக்குறது பிரச்சனை இல்ல, பிரச்சனை ரத்தம். இதயத்துல இருந்து கண்ணுக்கு ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் உயரம், ரத்தமும் அஞ்சு மடங்கு கனத்தா இதயத்தால அத அவ்ளோ தூரம் மேல தள்ள முடியாது. முதல்ல கலர் மங்கும், அப்புறம் பார்வை ஒரு குழாய் மாதிரி சுருங்கும், அப்புறம் இருட்டு, அப்புறம் ஆளே அவுட். மயங்கினா ஒரு பன்னண்டு நொடி சுத்தமா நினைவில்ல, முழிச்சப்புறமும் கிட்டத்தட்ட அதே நேரம் நாம யாரு எங்க இருக்கோம்னு தெரியாத குழப்பம். மொத்தம் 25 நொடின்னு வச்சுக்கங்க. மணிக்கு 900 கிலோமீட்டர்ல போனா நொடிக்கு 250 மீட்டர், 25 நொடில ஆறு கிலோமீட்டருக்கு மேல. அவ்ளோ தூரம் அந்த ப்ளேன ஓட்ட ஆளே இல்ல.

ஜி சூட்ங்கற உடுப்பு காத்து நிரம்பி காலையும் வயித்தையும் அமுக்கும், ஆனா அது குடுக்குறது ஒரு ஒன்றரை ஜி-க்குள்ளதான். மிச்சத்த நாமதான் பாக்கணும். தொடை, பின்பக்கம், வயிறு மூணையும் கல்லு மாதிரி இறுக்கி, மூச்ச தொண்டையில அடைச்சு, மூணு நொடிக்கு ஒரு தடவை சட்டுன்னு கொஞ்சம் விட்டு இழுத்து திரும்ப அடைக்கணும். இதுக்குத்தான் கால் பலம் வேணும், அதனால ஸ்குவாட், லெக் பிரஸ் பண்றது புஷ்அப்ப விட நூறு மடங்கு உபயோகம். நான் இத நெட்ல பாத்துட்டு வீட்ல தனியா ட்ரை பண்ணி, தலை சுத்தி கட்டில் ஓரத்துல சாய்ஞ்சு, அம்மா ஓடி வந்து ஒரே ரகளை. தனியா பண்ணாதீங்க. அதெல்லாம் சொல்லிக்குடுக்க ஆள் இருக்காங்க, ஆள உக்கார வச்சு வேகமா சுத்தி ஜி காட்டுற சென்ட்ரிஃப்யூஜ் மெஷின் இருக்கு. நீங்க கால பலமா வச்சுட்டுப் போனா போதும், தண்ணி நல்லா குடிங்க, தூங்குங்க.

ஆனா எனக்கு உண்மையா பயம் காட்டினது ஜி இல்ல, காது. முதல் நாற்காலி இதுதான், என் தம்பி ரூம்ல கிடக்குற சுத்துற நாற்காலி.

காதுக்குள்ள அரைவட்டக் குழாய் மூணு இருக்கு, உள்ள திரவம். தலை சுத்த ஆரம்பிச்சா திரவம் பின்தங்கும், அத வச்சுத்தான் மூளை "திரும்புறோம்"னு சொல்லும். ஆனா ஒரே வேகத்துல தொடர்ந்து சுத்தினா, ஒரு இருபது நொடி போல ஆனதும் திரவமும் கூடவே ஓட ஆரம்பிச்சிடும், மூளை "நின்னுட்டோம்"னு சொல்லிடும். கண்ண கட்டிட்டு உக்காந்தேன், தம்பிய மெதுவா ஒரே சீரா சுத்தச் சொன்னேன். கொஞ்ச நேரத்துல "டேய் ஏன்டா நிறுத்திட்ட"ங்கறேன், அவன் "அண்ணா சுத்திட்டுதான்ணா இருக்கேன்"ங்கறான். அப்புறம் நிஜமா நிறுத்தினான், நான் "இப்ப ஏன் இடது பக்கம் சுத்துற"ன்னு கத்துறேன், அவன் விழுந்து விழுந்து சிரிக்கிறான். பொய்னு தெரிஞ்சே உக்காந்திருக்கேன், இருந்தும் உடம்பு சத்தியம் பண்ணி சொல்லுது இடது பக்கம் போறோம்னு. கட்ட அவுத்துப் பாத்தப்போ எதிர்ல ஜன்னல் அசையாம நிக்குது, எனக்கு வயித்த என்னமோ பண்ணுச்சு.

இதே விளையாட்டு 1926-ல வில்லியம் ஆக்கர்னு ஒரு அமெரிக்க ராணுவ பைலட்டுக்கு நடந்திருக்கு. அந்தக் காலத்துல நல்ல பைலட்டுன்னா உடம்பால உணர்ந்து ஓட்டுவான்னு ஒரு பெருமை. டேவிட் மையர்ஸ்ங்கற டாக்டர் அவர சுத்துற நாற்காலில கண்ண மூடி உக்கார வச்சாரு, எந்தப் பக்கம் சுத்துறார்னு ஆக்கருக்கு சொல்ல முடியல. அத்தனை அனுபவம் இருந்தும்! ஆனா அந்த ஆள் கோவப்பட்டுட்டுப் போகல, திரும்பி வந்தாரு, ஒரு பெட்டிக்குள்ள, எந்தப் பக்கம் திரும்புறோம்னு காட்டுற டர்ன் இண்டிகேட்டரும் லைட்டும் வச்சு, அதப் பாத்துட்டே சுத்தினாரு, இந்த தடவை எல்லாம் சரியா சொன்னாரு. மேகத்துக்குள்ள உடம்ப நம்பாத, கருவிய நம்புங்கற பாடம் அங்க இருந்துதான் வளர்ந்தது. 1954-ல இல்லினாய் யூனிவர்சிட்டில, கருவி பாத்து பறக்கத் தெரியாத 20 பேர செயற்கையா மேகத்துக்குள்ள போற மாதிரி பறக்க விட்டுப் பாத்தாங்க, எல்லாருமே கட்டுப்பாட்ட இழந்தாங்க, சராசரியா 178 நொடில. மூணு நிமிஷம்கூட இல்ல.

மேல உயரத்துல ஆக்ஸிஜன் கொறஞ்சாலும் இதே கதைதான், 25,000 அடில மாஸ்க் இல்லாம உருப்படியா யோசிக்க மூணுல இருந்து அஞ்சு நிமிஷம், 35,000 அடில அரை நிமிஷத்துல இருந்து ஒரு நிமிஷம், அதுலயும் கொடும என்னன்னா சில பேருக்கு ஜாலியா இருக்குமாம், எல்லாம் சூப்பரா போகுதுன்னு தோணுமாம். அதனாலதான் ட்ரெய்னிங்ல அழுத்தம் கொறச்ச சேம்பர்ல உக்கார வச்சு, உனக்கு முதல்ல என்ன தெரியுது, விரல் மரமரக்குதா, சூடா இருக்கா, சிரிப்பு வருதான்னு உன் அடையாளத்த உன்னையே கண்டுபிடிக்க வைக்கிறாங்க. எனக்கு இது இன்னும் நடக்கல. என்னது சிரிப்பா இருக்கும்னு தம்பி பெட் கட்டியிருக்கான்.

கணக்கு பத்தி சின்னதா. பெரிய கால்குலஸ் எல்லாம் இல்ல, ஆனா வேற வேலை பண்ணிட்டே மனக்கணக்கு வரணும். நாட்ஸ்னா மணிக்கு இத்தனை கடல் மைல்னு அர்த்தம், 420 நாட்ஸ்னா நிமிஷத்துக்கு 7 கடல் மைல், 480-னா 8. ஒரு டிகிரி தப்பா போனா 60 மைல்ல ஒரு மைல் விலகிடுவ. 1,800 கிலோ ஃப்யூல், நிமிஷத்துக்கு 40 போகுது, எத்தனை நிமிஷம்? இத உக்காந்து போடுறது சுலபம், நான் மாடிப்படி ஏறி இறங்கிட்டே போடுவேன், மூச்சு வாங்கும்போது மூளை எவ்ளோ மக்கா ஆகுதுன்னு அப்போதான் தெரியும். கம்ப்யூட்டர் சிமுலேட்டர் கேம் பத்தி நிறைய பேர் கேக்குறாங்க. கருவிய வரிசையா பாக்குற பழக்கத்துக்கு நல்லது, ஆனா எனக்கு அதுவே வினையாச்சு, நிஜ ப்ளேன்ல வெளிய பாக்காம உள்ளயே முறைச்சுட்டு இருந்தேன், இன்ஸ்ட்ரக்டர் பேனல ஒரு பேப்பரால மூடிட்டாரு.

அப்புறம் இத சொல்லாம விட்டா நேர்மையா இருக்காது. இது பறக்குற வேலை மட்டும் இல்ல, ராணுவ வேலை. ட்ரான்ஸ்போர்ட் குடுத்தா ஓட்டுவியா, ஹெலிகாப்டர் குடுத்தா ஓட்டுவியான்னு கேப்பாங்க, ஃபைட்டர் மட்டும்தான்னு வர்றவன அங்கயே பாத்துடுவாங்க. அதவிட பெரிய கேள்வி, ஒரு நாள் பட்டன் அமுக்கச் சொன்னா கீழ இருக்குறது யாருன்னு யோசிச்சிருக்கியான்னு. என்கிட்ட யாரும் கேக்கல, நானே ராத்திரில கேட்டுக்கிட்டேன். பதில் முழுசா இருக்குன்னு சொல்ல மாட்டேன், ஆனா போஸ்டர் ஒட்டின வயசுல இந்தக் கேள்வியே எனக்கு வரலங்கறது இப்போ கொஞ்சம் உறுத்துது.

ரெண்டாவது நாற்காலி மரத்துல, சுத்தாது. முன்னாடி சுவத்துல போஸ்டர கிழிச்சுட்டு, காக்பிட் படம் அதே சைஸ்ல ஒட்டியிருக்கேன். கால்களுக்கு நடுவுல ஸ்டிக்குக்கு பதிலா பாத்ரூம் அடைப்பெடுக்குற ரப்பர் கட்டை (புதுசுதாங்க, சிரிக்காதீங்க). இடது கை த்ராட்டில், அதாவது இன்ஜின் பவர கூட்டிக் கொறைக்கிறது. கண்ண மூடி முழு பறப்பையும் வாயால சொல்லிட்டே பண்ணணும், எந்த சுவிட்ச், எந்தக் கை, கண் எங்க, ரேடியோல என்ன வார்த்தை, எல்லாம். சேர் ஃப்ளையிங்னு சொல்லுவாங்க, உலகம் பூரா ஸ்டூடண்ட் பைலட்டுங்க பண்றதுதான். கிறுக்கன் மாதிரி இருக்கும், பக்கத்து வீட்டுக்கு கேட்டா மானம் போகும். ஆனா இதுக்கு ஒரு பரம்பரை இருக்கு. 1929-ல எட்வின் லிங்க்னு ஒருத்தர், அப்பா ஆர்கன் வாத்தியம் செய்றவர், அந்த ஆர்கன் துருத்திய வச்சே ஒரு மரப்பெட்டி ப்ளேன் பண்ணாரு, சாயும் திரும்பும் ஆனா பறக்காது. ராணுவம் கண்டுக்கல, பொழுதுபோக்கு பார்க்குல வித்தாரு. 1934-ல அமெரிக்க ராணுவம் தபால் கொண்டு போற வேலைய எடுத்து, மோசமான வெதர்ல கருவி பாத்து ஓட்டத் தெரியாம பைலட்டுங்க வரிசையா செத்தாங்க. அப்புறம்தான் ஆறு பெட்டி வாங்கினாங்க.

செக்லிஸ்ட்டும், அதான் எதையும் மறக்காம ஒவ்வொண்ணா சரிபாக்குற பட்டியல், அப்படி ஒரு விபத்துக்கு அப்புறம்தான் வந்தது. 1935 அக்டோபர் 30, ரைட் ஃபீல்ட், போயிங் 299, அந்தக் காலத்துக்கு ரொம்ப பெரிய நாலு இன்ஜின் பாம்பர். ஓட்டினது பிளாயர் ஹில், சாதாரண ஆள் இல்ல, டெஸ்ட் பைலட். தரையில காத்துல ஆடாம இருக்க எலிவேட்டர, அதான் வால்ல மூக்க ஏத்தி இறக்குற பலகைய, பூட்டி வைக்கிற லாக்க எடுக்க மறந்துட்டாங்க. ஏறுச்சு, மூக்கு தூக்கிச்சு, ஸ்டால், விழுந்துச்சு. ஹில் செத்தாரு, போயிங் டெஸ்ட் பைலட் லெஸ்லி டவரும் பிழைக்கல. இத படிச்ச அன்னிக்கு ராத்திரி நான் என் மர நாற்காலில உக்காந்து என் செக்லிஸ்ட்ட சொல்லிப் பாத்தேன், கண்ட்ரோல்ஸ் ஃப்ரீ அண்ட் கரெக்ட்ங்கற வரில (ஸ்டிக்கையும் பெடலையும் ஆட்டி எல்லாம் தடையில்லாம அசையுதான்னு பாக்குறது) வாய் சொல்லுது, கை அசையவே இல்ல. வெறும் பாட்டா பாடிட்டு இருந்திருக்கேன், எத்தனை வாரமோ.

அதுல இருந்து தம்பிய பக்கத்துல உக்கார வச்சுக்கிறேன். அவனுக்கு ப்ளேன் பத்தி ஒண்ணும் தெரியாது, அதான் வசதி. நான் எழுதிக் குடுத்த அவசர அட்டைய கைல வச்சுட்டு, நான் எதிர்பாக்காத நேரத்துல எதாவது ஒண்ண கத்துவான், நான் பண்றத அட்டையோட ஒப்பிட்டு தப்ப சொல்லுவான். ஆரம்பத்துல ஒவ்வொரு தப்புக்கும் அவன்கிட்ட சண்டைக்குப் போவேன், அது தப்பில்லடா, நான் மனசுல பண்ணிட்டேன்னு. பறந்து வந்தப்புறம் டிப்ரீஃப்ல சீனியர் ஜூனியர் பாக்காம அவனவன் தப்ப அவனவன் வாயால சொல்லணும்னு கேள்விப்பட்டப்போ, பன்னெண்டாவது படிக்கிற தம்பிகிட்டயே ஒத்துக்க முடியலயேன்னு இருந்துச்சு. ரெண்டாவது இண்டர்வியூல ஒரு கேள்விக்கு "தெரியாது சார்"னு சொன்னேன், சொல்லிட்டு வாய மூடிட்டேன். அந்த மூடினது இருக்கே, அது இந்த நாற்காலில கத்துக்கிட்டது.

நேத்து ராத்திரி டேக்ஆஃப். ஸ்பீடு வந்தாச்சு, தரைய விட்டு ஏறியாச்சு, 300 அடி சொல்லிட்டு இருக்கேன், தம்பி மேஜைய தட்டி "இன்ஜின் போச்சு"ன்னு கத்தினான். பாடம் எனக்கு தூக்கத்துல கேட்டாலும் தெரியும், மூக்க தள்ளு, ஸ்பீட காப்பாத்து, முன்னாடி இருக்குற நிலத்துல இறக்கு, ரன்வேக்கு திரும்பாத. திரும்பினா 60 டிகிரி சாய்வுல 2 ஜி, ஸ்டால் ஸ்பீடு 1.41 மடங்கு, 50 நாட்ஸ்ல ஸ்டால் ஆகுற ப்ளேன் 71-லயே ஆகிடும், அந்த உயரத்துல அவ்ளோதான் கதை. எல்லாத்தையும் வாயால கடகடன்னு சொல்லி முடிச்சுட்டு பெருமையா அவன பாத்தேன்.

அவன் என் கைய பாத்துட்டு இருந்தான். ரப்பர் கட்டை என் வயித்த தொட்டுட்டு நிக்குது.

"அண்ணா, இழுத்துட்டண்ணா."

திரும்ப ரன்வேல போய் நின்னேன், செக்லிஸ்ட் முதல் வரில இருந்து.